கங்காணி நிப்பு

2012 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அழகம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்குள் கண்டி மஹியாவையில் இருந்த அவள் வீட்டு முற்றத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நாய்க்குட்டிகள் வெளியே போயிருந்தன. தெல்தோட்டையில் ஒரு பலசரக்குக் கடை, தெல்தெனியவில் பலகை விற்கிற மரக்காலை, மடுல்கெல்லயில் தேயிலை அரைக்கிற தோட்டத்து ஸ்டோர், கண்டி டவுனுக்குள் நாலைந்து நகைக்கடைக்காரர் வீடு. எங்கே ஒரு கறுப்பு நாய், தவிட்டு நிறப் புருவத்தோடு கேற்றுக்குப் பின்னால் நின்று உறுமினாலும், "இது அழகம்மா நாய்" என்று சொல்லிவிடுவார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. நிற்கிற விதத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

அந்த விதத்துக்கு ஒரு பேர் இருந்தது. கங்காணி நிப்பு.

மலையில் கொழுந்தெடுக்கும்போது கங்காணி எப்படி நிற்பார் என்று தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். பாதையின் நடுவில், கால் விரல்கள் வெளிப்பக்கம் பார்க்க, நெஞ்சை முன்னே தள்ளிக்கொண்டு, 'தாண்டிப் போ பார்ப்போம்' என்பதுபோல நிற்பார். முன்னங்கால்களை அப்படி வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிற நாய்க்கு மார் அகலம், அது ஆளைக் கண்டு பின்வாங்காது என்பது மலைநாட்டு நம்பிக்கை. அழகம்மா குட்டி கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றம் நிறைய ஆள் நிற்கும். ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, குட்டிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் நிறுத்துவாள். விரல் வெளியே திரும்பிய குட்டி பெட்டியில் ஏறினால் போதும்.

"அது எனக்கு!"

"நான் முந்தி கைய வச்சிட்டேன்யா!"

"கைய வச்சா ஒனக்கா? அப்ப நான் கால வைக்கிறேன்."

சண்டையை அவள்தான் தீர்த்துவைப்பாள். ஆனால் ஒவ்வொரு ஈற்றிலும் மிக அழகாக நிற்கிற ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் தனக்கென்று வைத்துக்கொள்வாள். அப்படி வைத்துக்கொண்ட ஒன்றின் குட்டிதான் மேஜர். ஐந்து வயது. கண்டியைச் சுற்றி எங்கே நல்ல பெட்டை நாய் இருந்தாலும் மேஜரிடம்தான் கொண்டுவருவார்கள்.

அழகம்மாவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றைக்கூட வாசலில் நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். பிறந்தது மடுல்கெல்லயில். அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது தோட்டத்து லயன் வீடுகளில் பாதிக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. சட்டிபானையைக் கட்டினார்கள், ஆட்டை விற்றார்கள், நாய்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். ஆளில்லாத வாசல்களில் படுத்துக் கிடந்த அந்த நாய்களுக்கு அவள் சோறு வைத்தாள். சோறு வைத்தும் பிரயோசனம் இருக்கவில்லை. இருட்டியதும் சிறுத்தை வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். தூக்கியதெல்லாம் சின்ன நாய்கள்தான். பெரிய நாய், நெஞ்சு அகன்ற நாய், பின்வாங்காத நாய் என்று அவள் மனதில் ஊறிப்போனது அப்போதுதான்.

பிறகு கண்டியில் ஒரு பங்களாவில் வீட்டு வேலை. 1998 இல் அந்த வீட்டு அம்மா வெளிநாடு போனபோது தன் ரொட்வைலர் பெட்டையை அழகம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து வந்ததுதான் எல்லாம்.

அந்த மாதம் ஒரு வியாழக்கிழமை தெல்தோட்டையிலிருந்து கணபதி போன் பண்ணினார். பலசரக்குக் கடைக்காரர். போன வருஷம் மேஜரின் குட்டி ஒன்றை வாங்கிப்போய், அப்பன் மேஜர் என்றால் மகன் ஒரு படி கீழே இருக்கட்டும் என்று சார்ஜன் எனப் பேர் வைத்தவர்.

"அழகம்மா, சார்ஜன் நொண்டுறான்."

"முள்ளு குத்தியிருக்கும் அண்ணே. பாதத்தப் பாருங்க."

"பாதத்த மூணு பேரு பார்த்தாச்சு. முள்ளும் இல்ல, மண்ணும் இல்ல. நல்லெண்ண போட்டு உருவிவிட்டேன், கடிக்க வந்துட்டான். எம்புட்டு நாளா நொண்டுறான் தெரியுமா?"

"முட்ட குடுக்குறீங்களா?"

"நீ சொன்னபடி முட்ட, எலும்புச் சூப்பு, பால்மா எல்லாம் குடுக்கிறேன். எட்டு மாசத்துல கன்னுக்குட்டி மாதிரி நிக்கிறான். ஆனா படுத்து எழும்பினா முன்னங்கால ஊன மாட்டேங்கிறான். கடைக்கு வாற சனமெல்லாம் சிரிக்குது."

போனை வைத்தபிறகு அழகம்மா முற்றத்தைக் கூட்டினாள். கூட்டி முடித்த முற்றத்தையே மறுபடியும் கூட்டினாள். அவள் புருஷன் இருளப்பன் பேக்கரியில் வேலை முடித்து வந்து வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த மண்ணுல இன்னும் என்னத்தத் தேடுற?" என்றான்.

"ஞாயித்துக்கிழம தெல்தெனிய ஐயா வாறாரு."

"வரட்டுமே. அதுக்கா மண்ணத் தேய்க்கிற?"

தெல்தெனிய ஐயா என்பது பாலேந்திரன். யாழ்ப்பாணத்துக்காரர், தெல்தெனியவில் வங்கி மனேஜர். தன்னுடைய ரோசியை மேஜரோடு சேர்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறார். ரோசி சுத்தமான ரொட்வைலர். இன்னும் வயிற்றில்கூட உண்டாகாத குட்டிகளுக்கு ஏழு பேர் இப்போதே பேர் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தச் சேர்க்கை மட்டும் நடந்துவிட்டால் கண்டியில் அழகம்மாவை மிஞ்ச ஆளில்லை. மேஜரின் குட்டி நொண்டுகிறது என்ற பேச்சு அதற்கு முன்னால் தெல்தெனிய வரை போய்விட்டால்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சார்ஜனின் காலில் ஒரு முள்ளையாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் ஸெய்னுலாப்தீனின் த்ரீவீலரில் ஏறினாள்.

ஸெய்னுலாப்தீன் அவளைவிடப் பத்து வயது மூத்தவர்; அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவாள். அவளுடைய நாய்களை ஏற்றிப்போவதற்கு ஒத்துக்கொள்கிற ஒரே டிரைவர் அவர்தான். அதற்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. காய்ந்த நாய் என்றால் பிரச்சினை இல்லை. ஈர நாயோ நாயின் எச்சிலோ மேலே பட்டால், அவர்கள் முறைப்படி ஏழு தரம் கழுவ வேண்டும்; அதில் ஒரு தரம் மண் போட்டு. அதற்காகவே சீட்டுக்கடியில் ஒரு மார்ஜரின் டப்பா நிறைய சுத்தமான மண் வைத்திருந்தார். பின்சீட்டில் ஒயில் சீலை விரித்திருப்பார்.

பேராதனை தாண்டி கலஹா பாதையில் ஏறும்போது கேட்டார்: "என்ன தங்கச்சி, வாயே தொறக்கல்ல? நாய்க்கு நோவா, ஒங்களுக்கு நோவா?"

"ரெண்டும் இல்ல நானா. முள்ளு."

"முள்ளு பார்க்கவா தெல்தோட்டைக்கு?"

"பெரிய முள்ளு."

அவர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டினார். அவள் வலதுபக்கம் உட்கார்ந்தாள், இடதுபக்கம் நகர்ந்தாள், மறுபடி வலதுபக்கம் வந்தாள். "வண்டி கவுந்திரும் புள்ள," என்றார் அவர், "ஒரு பக்கமா இரிங்க."

கணபதியின் கடை வாசலில் ஏற்கெனவே சின்னக் கூட்டம். வெள்ளிக்கிழமை சாமான் வாங்க வந்தவர்கள்.

"இவங்கதான் கண்டி அழகம்மாவா?"

"ஆமா, நாய்க்குக் கால் வச்சுக் குடுக்கிறவங்க."

"எட்டு மாசத்துக்குத்தான் வச்சுக் குடுப்பாங்க போலருக்கு."

அழகம்மா அவர்களைப் பார்க்கவில்லை. மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் சார்ஜன் படுத்துக் கிடந்தான். அவளைக் கண்டதும் வாலாட்டி எழுந்தான். எழுந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் முதலில் தூக்கியது. முன்பக்கம் யோசித்து யோசித்து வந்தது. நாலைந்து எட்டுக்கு இடது காலை ஊன்றாமல் வந்தான். பிறகு நொண்டல் குறைந்தது.

"சீமெந்துத் தரைதான் காரணம்," என்றாள். "குளிர் ஏறியிருக்கு."

"தர என் கடையில பத்து வருஷமா கெடக்கு. முந்தி இருந்த நாய் இந்தத் தரையிலதான் கெழடாகிச் செத்துச்சு, ஒரு நாள் நொண்டல."

"ஓட விடுறீங்களா?"

"காலையில மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால ஓடி வருவான். உடம்பு எறுகணும்ல?"

"அதான்!" அழகம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டது. "பாத்தீங்களா நானா? கொழந்தப் புள்ளய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால ஓட்டியிருக்காரு!"

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே கொஞ்சம் நின்றது. ஏனென்றால், கடை வாசலுக்கு வந்து நின்ற சார்ஜனைப் பார்த்து அதே கூட்டம், "நொண்டினாலும் நிப்பப் பாருங்கய்யா" என்று வாயைப் பிளந்தது. உண்மைதான். அப்பனைவிட அழகான கங்காணி நிப்பு. ஆனால் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தால், அவன் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பது தெரிந்தது. சூட்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற மனிதனைப்போல.

"பேராதனைக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம்," என்றாள்.

"நான் கடையப் பூட்டிட்டு நாயத் தூக்கிட்டுப் போகவா? நீ குடுத்த நாய், நீயே கொண்டு போ. காவல் நிக்கமாட்டாத நாய் எனக்கு எதுக்கு?" என்றார் கணபதி. சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் பக்கெற்றோடு வந்து, "வழியில குடு, பசி தாங்க மாட்டான்" என்று அவள் கையில் திணித்தார்.

பேராதனை மிருக வைத்தியசாலையில் சந்தையைப்போலச் சனம். பூனைக் கூடைகள், ஒரு ஆடு, துணியில் சுற்றிய கிளி. அழகம்மா சார்ஜனை வாங்குப் பலகையின் ஓரத்தில் கட்டிவிட்டு அங்கும் இங்கும் நடந்தாள். பேர் கூப்பிட்டதும் அவளே அவனைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் நிறுத்தினாள்.

டொக்டர் மங்களேஸ்வரி யாழ்ப்பாணத்துப் பொம்பிளை. பேச்சு மெதுவாக, கை வேகமாக. பாதம், மணிக்கட்டு என்று பார்த்துக்கொண்டு வந்தவர் முழங்கைக்கு வந்ததும் அதை மடக்கி, பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினார். சார்ஜன் கத்தினான். மற்றக் காலிலும் அதேபோலச் செய்தார். அதற்கும் கத்தினான்.

"அது நோகாத காலு டொக்டர்," என்றாள் அழகம்மா.

"ஓம், அப்பிடியே இருக்கட்டும். படம் எடுப்பம்."

எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டுப் பேனையால் ஓர் இடத்தைக் காட்டினார். "முழங்கையில மூண்டு எலும்பு சேருது. குட்டி வளரேக்க மூண்டும் ஒரே கணக்கில வளரவேணும். ஒண்டு பிந்திச்செண்டா மற்றது அமத்தும். இஞ்ச பாருங்கோ, இந்த ஓரம் கூரா இருக்கவேணும். மங்கிப்போய்க் கிடக்கு. உள்ளுக்குள்ள ஒரு சின்னத் துண்டு வெடிச்சிருக்கு எண்டு நினைக்கிறன். செருப்புக்குள்ள கல்லுக் கிடந்தா எப்பிடி நடப்பியள்? இவருக்கு ஒவ்வொரு அடியும் அப்பிடி."

"மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால ஓட விட்டிருக்காங்க டொக்டர்."

"அது நோவைக் கூட்டியிருக்கும். முட்டையும் பால்மாவும் குடுத்துக் கெதியாக் கொழுக்க வைச்சதும் கூட்டியிருக்கும். ஆனா தொடக்கம் அங்க இல்லை. இது பரம்பரையில வாறது. தகப்பன் எப்பிடி?"

அழகம்மா அதற்காகவே காத்திருந்ததுபோல போனை எடுத்தாள். மேஜரின் படம் எப்போதும் அதில் முதலாவதாக இருக்கும். தேயிலைப் பெட்டிக்குப் பக்கத்தில், நெஞ்சை நிமிர்த்தி, முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்க. "இவர்தான் டொக்டர். ஒரு நாள் நொண்டினதில்ல. கண்டியில இப்படி நிக்கிற நாய் கிடையாது."

டொக்டர் படத்தைப் பெரிதாக்கிக் கால்களை மட்டும் பார்த்தார்.

"எப்பவும் இப்பிடித்தான் நிக்கிறவரோ?"

"எப்பவும். அவங்க அம்மாவும் இப்படித்தான். பாட்டியும் இப்படித்தான். இந்த நிப்புக்காகத்தான் சனம் எங்கிட்ட வருது."

"அம்மா," என்றார் டொக்டர், "முழங்கையின்ட உள்பக்கம் நோகேக்க, பாரத்தை வெளியில போடுறதுக்குத்தான் நாய் காலை இப்பிடித் திருப்பிறது. இது வடிவுக்கு நிக்கிற நிலை இல்லை. நோவுக்கு நிக்கிற நிலையா இருக்கலாம்."

"மேஜர் நொண்டவே மாட்டானே!"

"ரெண்டு காலும் ஒரே மாதிரி நோகேக்க, எந்தக் காலைத் தூக்கி நொண்டுறது?"

அழகம்மாவுக்குக் கோபம் வந்தது. இந்தப் பொம்பிளை ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பதினாலு வருஷத்தை அழிக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். கேற் வரை போனபிறகுதான் சார்ஜனை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து, திரும்பி ஓடினாள். டொக்டர் அவன் காதைச் சொறிந்தபடி அங்கேயே நின்றிருந்தார். "போனில படத்தை மட்டும் பாத்து நான் ஒண்டும் முடிவாச் சொல்லேலாது. நாளைக்குக் காலமை தகப்பனைக் கொண்டுவாங்கோ," என்றார். "வேண்டாமெண்டா விடுங்கோ. உங்கட நாய்."

சார்ஜனை வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கு விரித்துப் படுக்க வைத்தாள். பொழுதுபடும் நேரம் மேஜரைப் போய்ப் பார்த்தாள். நெல்லி மரத்தடியில் படுத்திருந்தான். "மேஜர், வாடா." அவன் எழுந்தான். நிதானமாக. அந்த நிதானத்தைத்தான் அவள் எல்லோரிடமும் பீத்திக்கொள்வாள்: "துரை மாதிரி. அவசரப்பட மாட்டான்." இப்போது பார்த்தால் பின்பக்கம் முதலில் தூக்கியது, முன்பக்கம் யோசித்து யோசித்து வந்தது. காலையில் கடையில் சார்ஜன் எழுந்த அதே விதம்.

முழங்காலிட்டு, டொக்டர் செய்ததுபோல அவன் முழங்கையை மடக்கிப் பாதத்தை வெளியே திருப்பினாள். மேஜர் கத்தவில்லை. அவள் மணிக்கட்டை வாயால் பிடித்தான். பல் படாமல், மெதுவாக, விடு என்று சொல்வதுபோல.

அதே நேரம் பார்த்துப் போன் அடித்தது. பாலேந்திரன். "ஓம், ஞாயிற்றுக்கிழமை காலமை வாறன். ரோசி நல்ல ரெடி. நீங்களும் ரெடிதானே?"

"வாங்க ஐயா," என்றாள்.

சனிக்கிழமை கண்டியில் மழை. த்ரீவீலரின் பக்கச் சீலையை இறக்கியும் சாரல் உள்ளே அடித்தது. கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று பள்ளத்துத் தண்ணீரை அப்படியே மேஜர் மேல் ஊற்றிவிட்டுப் போனது. நனைந்த மேஜர் பின்சீட்டிலிருந்து எட்டி, தன் பெரிய தலையை ஸெய்னுலாப்தீனின் தோளில் வைத்துக்கொண்டான்.

"யா அல்லாஹ்! தங்கச்சி, ஒங்கட ஆள எடுங்க!"

"இழுத்தாலும் வரமாட்டேன்றான் நானா."

"நான் எறங்குறேன்."

"நீங்க எறங்கினா யாரு ஓட்டுறது?"

"மேஜர் ஓட்டட்டும். தோள்ல தலைய வச்சிட்டாரு, ஹேண்டில்ல கையயும் வைக்கட்டும்."

சொன்னாரே தவிர இறங்கவில்லை. பேராதனை வரைக்கும் நாயின் தலையைத் தோளில் சுமந்தபடியே ஓட்டினார்.

இந்த முறை டொக்டர் பேனையால் காட்ட வேண்டியிருக்கவில்லை. மேஜரின் இரண்டு முழங்கையிலும் எலும்பைச் சுற்றிப் பாசி பிடித்ததுபோலப் புதிய எலும்பு வளர்ந்திருந்தது. வருஷக்கணக்கான தேய்மானம். நோவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடம்பைக் குறைக்கச் சொன்னார். படி ஏற விடாதீர்கள், கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்துங்கள் என்றார். சார்ஜன் சின்னவன், அவனுக்குச் சரியாகப் பார்த்தால் நல்லாக இருப்பான் என்றார். கடைசியாக, "இவரைக் குட்டிக்கு விடாதேங்கோ. இவரின்ட பிள்ளையளையும்," என்றார்.

வெளியே மழை விட்டிருந்தது. ஸெய்னுலாப்தீன் குழாயடியில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, மார்ஜரின் டப்பாவோடு நின்றார். அழகம்மா வாளியில் தண்ணீர் பிடித்து அவர் தோளில் ஊற்றினாள். அவர் மண்ணைத் தேய்த்தார். அவள் மறுபடி ஊற்றினாள்.

"நானா, நான் நோவு புடிச்ச குட்டியாப் பார்த்துப் பொறுக்கி வச்சிருக்கேன்," என்றாள் நடுவில். "ஒவ்வொரு ஈத்துலயும். நல்லா நின்ன குட்டியெல்லாம் நிப்பு சரியில்லன்னு கழிச்சேன். எது ரொம்ப நோவோட நின்னுச்சோ, அதப் பார்த்து இதுதான் ராசான்னு வச்சுக்கிட்டேன்."

அவர் கையை நிறுத்தினார். "நாளைக்கு அந்த மனுஷன் வாறாரே. என்ன சொல்லப் போறீங்க?"

அவள் வாளியைக் கீழே வைத்துக் குழாயைத் திறந்தாள்.

"தண்ணிய ஊத்துங்க. எத்தினாவதுன்னு மறந்திட்டுது, முதல்ல இருந்து கழுவோணும்."

வீட்டில் இருளப்பனுக்கு வழி தெரிந்திருந்தது. "மேஜருக்குக் காய்ச்சல்னு சொல்லு. மனுஷன் போயிருவாரு. பொறவு மெதுவா யோசிக்கலாம்." ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் ஆள் சேர்ந்தபோது அழகம்மா அதைத்தான் சொல்ல நினைத்திருந்தாள். பேர் கொடுத்த ஏழு பேரில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கல்யாண வீடுபோல ஒருவன் வெற்றிலைகூடக் கொண்டுவந்திருந்தான்.

பாலேந்திரனின் கார் பாதையில் நின்றது. வீட்டுக்கு இறங்க வேண்டிய கல்படிகளை ரோசி இரண்டு இரண்டாகத் தாண்டி, அம்பு மாதிரி நேராக முற்றத்துக்கு வந்து நின்றாள். அவள் பாதங்கள் முன்னே பார்த்தன. "பெட்டைக்கு நிப்பு இல்லையே," என்றான் ஒருவன். "அதுக்குத்தான் மேஜர்கிட்ட கொண்டாந்திருக்காரு," என்றான் மற்றவன்.

"ஐயா, மேஜருக்குக் காய்ச்சல்," என்றாள் அழகம்மா.

பாலேந்திரனின் முகம் விழுந்தது. ஆனாலும் அவர் வழி கண்டுபிடிக்கிற ஆள். "பரவாயில்லை, வருத்தக்காரரைக் கரைச்சல்படுத்தக் கூடாது. மடுல்கெல்ல ஸ்டோரில மேஜரின்ட மகன் ஒண்டு நிக்குதாமே? உங்கட தம்பிதான் வைச்சிருக்கிறாராம். அச்சா நிப்பாம். இப்பவே அங்க கொண்டுபோறன். ஒரு சொல் சொல்லி விடுங்கோ, போதும்."

அழகம்மா போனைக் கையில் எடுத்தாள். வைத்தாள். முற்றத்தில் நாலு எட்டு நடந்தாள், திரும்பினாள். ஒரு பொய் சொல்லியாயிற்று. அது மடுல்கெல்ல வரைக்கும் போதாது. அங்கே ஒன்று, தெல்தெனிய மரக்காலையில் ஒன்று, எத்தனை வாசலுக்கு எத்தனை காய்ச்சல் சொல்வது?

"காய்ச்சல் இல்ல ஐயா," என்றாள். "முழங்கை. மேஜருக்கு ரெண்டு முழங்கையும் பொறப்புலேயே கோளாறு. அதான் அவன் காலத் திருப்பி நிக்கிறான். நோவு தாங்காம நிக்கிற நிப்பு அது. நான் தெரியாம அத அழகுன்னு சொல்லி உங்க எல்லாருக்கும் குடுத்திருக்கேன். மடுல்கெல்லக்கும் போகாதீங்க."

யாரும் நம்பவில்லை. "அக்கா, தெல்தெனிய ஐயாவுக்குக் குட்டி குடுக்க மனசில்லன்னா நேராச் சொல்லுங்க," என்று ஒருவன் சிரித்தான்.

அழகம்மா மேஜரைக் கூட்டிக்கொண்டு பாதைக்கு ஏறினாள். அவன் ஏறுவதற்கே நேரம் எடுத்தது. மேலே அவனை விட்டுவிட்டு இறங்கி வந்து, "மேஜர், வாடா," என்று கூப்பிட்டாள். படிகளை ரோசி தாண்டிவந்ததை எல்லோரும் அப்போதுதான் பார்த்திருந்தார்கள். மேஜர் முதல் படியில் நின்றான். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினான். நண்டுபோல, ஒரு படிக்கு ஒருமுறை மூச்செடுத்து, இறங்கினான். ஐந்து வருஷமாக அவன் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தான். யாரும் அவன் இறங்குவதைப் பார்த்ததில்லை. எல்லோரும் அவன் நிற்பதைத்தான் பார்த்திருந்தார்கள்.

"எல்லா நாயும் அப்படித்தான் எறங்கும்," என்றான் ஒருவன். ஆனால் மெதுவாகச் சொன்னான்.

நகைக்கடைக்காரர் ஒருவர் விடவில்லை. "எனக்கு நிப்புத்தான் வேணும் அழகம்மா. கேற்றுக்குள்ள நிக்கத்தானே போகுது, ஓடவா போகுது?"

"நீங்க செருப்புக்குள்ள கல்லப் போட்டுக்கிட்டு உங்க கட வாசல்ல நாள் பூரா நில்லுங்க முதலாளி. நின்னு பார்த்துட்டு வந்து எங்கிட்ட கேளுங்க."

பாலேந்திரன் ரோசியின் கயிற்றைக் கையில் சுற்றினார். கோபம்தான். "உங்கட சொல்லை நம்பி ஆறு மாதம் காத்துக்கொண்டிருந்தனான். உங்கட முத்தத்தில நிண்டு உங்கட நாயைப் பற்றி நீங்களே இப்பிடிச் சொன்னா, நான் இனி ஆரை நம்புறது?" என்றார். படி ஏறும்போது ஒருமுறை நின்று, ரோசியின் முழங்கையைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போனார்.

முற்றம் காலியாக அதிக நேரம் எடுக்கவில்லை. வெற்றிலை கொண்டுவந்தவன் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இருளப்பன் உள்ளேயிருந்து, "காய்ச்சல்னே சொல்லியிருக்கலாம்," என்றான். அழகம்மா தேயிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் விறகுக்குப் பக்கத்தில் போட்டாள். பிறகு போனை எடுத்தாள். முதலில் மடுல்கெல்லக்கு, தன் தம்பிக்கு. "அவனக் குட்டிக்கு விடாத... கேள்றா முதல்ல... காலயில எழும்பும்போது எந்தப் பக்கம் முதல்ல தூக்குறான்னு பாரு." அடுத்து மரக்காலைக்கு. அங்கே ஏசினார்கள். அடுத்த ஆள் போனை எடுக்கவில்லை. ஒரு பெண் மட்டும், தன் நாய் படி ஏறாமல் அடம்பிடிப்பதால் இவ்வளவு நாளும் அதை அடித்து ஏற்றிக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டாள். முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டே அழகம்மா அடுத்த இலக்கத்தை அழுத்தினாள்.

பின்னேரம் கணபதி தானாகவே போன் பண்ணினார்.

"என்ன சொன்னாங்க?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஓட விடக்கூடாது, கொழுக்க விடக்கூடாது, சாக்கு விரிக்க வேண்டும், காவலுக்கு உதவமாட்டான் என்பது வரைக்கும். "உங்களுக்கு வேணாம்னா எங்கிட்டயே நிக்கட்டும் அண்ணே."

"ராவைக்கு மாவு மூட்டையில எலி ஓடுது," என்றார் கணபதி. "எலிக்கு நிப்பு எதுக்கு? கொண்டாந்து விட்டுட்டுப் போ."

மேஜருக்குச் செவ்வாய்க்கிழமை பேராதனையில் கருத்தடைச் சத்திரசிகிச்சை. ஸெய்னுலாப்தீன் காலை ஏழு மணிக்கு வருகிறார். டப்பாவில் புது மண் நிரப்பியிருக்கிறார்.